கம்பிக் கயிற்றுக்கு என்ன பூசுவது? கொழும்பில் கிடைக்கும் கிறீஸ், எண்ணெய், ஸ்பிறே வகைகள் ஒரு மதிப்பீடு

பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடைக்குள் போய், "போட் கேபிளுக்குப் பூச என்ன இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று மேசைக்கு வரும். வாகனத்துக்குப் பூசும் கிறீஸ், தார் மாதிரிக் கறுத்துத் தடித்த ஒரு கலவை, அல்லது ஒரு ஸ்பிறே டின். மூன்றுமே கறளைத் தடுக்கும் என்றுதான் சொல்லித் தருவார்கள். ஆனால் மூன்றும் மூன்று வேறு வேலைக்கு உரியவை. மாறி வாங்கினால், வெளியே மினுங்கும் கேபிள் உள்ளே மாவாகிப் போகும். நங்கூர வின்ச் (கேபிளைச் சுற்றி இழுக்கும் உருளை இயந்திரம்), சாமான் தூக்கும் கை, பாய்மரத் தாங்கு கயிறு, படகைக் கரைக்கு இழுக்கும் கேபிள், சில படகுகளில் சுருக்கு வலையின் அடிக்கயிறு என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பூச்சைப் பார்க்குமுன் கயிற்றைப் பார்க்க வேண்டும். முகத்துவாரத்திலும் திக்கோவிட்டவிலும் படகுகளில் காணும் 12 மில்லிமீற்றர் கல்வனைஸ், அதாவது நாகம் (சிங்க்) பூசிய கேபிளை எடுத்துக்கொள்வோம். 6 புரி (கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய இழை), புரிக்கு 19 கம்பி, நடுவில் நார். மொத்தம் 114 கம்பி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் மில்லிமீற்றர் தடிப்பு, ஒவ்வொன்றின் மேலும் தலைமயிரைவிட மெல்லிய நாக முலாம். சதுர மீற்றருக்கு 100 கிராம் நாகம் என்று சான்றிதழில் போட்டிருந்தால், அது 14 மைக்ரோன் தடிப்புத்தான். கம்பியோடு கம்பி உரசும் இடத்தில் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு வெறும் உருக்கும் உப்புநீரும் நேருக்கு நேர்.

உப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடல் உப்பில் சமையல் உப்போடு மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தொட்டால் சமையல் உப்புத் தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையும். மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். கொழும்புக் காற்று அந்த 33க்குக் கீழே இறங்குவது மிக அரிது. அதனால் வெயிலில் காய்ந்து வெள்ளை பூத்த கேபிளை "காய்ஞ்சிட்டுது" என்று நம்பக் கூடாது. புரிகளுக்கு நடுவில் இருக்கும் உப்புநீர் இரவும் பகலும் ஈரமாகவேதான் இருக்கும். நடு நார் எண்ணெய் வற்றிய சணல் வகை என்றால் அது திரி மாதிரி அந்தத் தண்ணீரை உறிஞ்சி, கேபிளின் முழு நீளத்துக்கும் கொண்டுபோகும்.

ஆகவே எந்த டின்னைத் தூக்கினாலும் முதற்கேள்வி, இது நடு நார் வரை போகுமா என்பதுதான். எவ்வளவு தடிப்பாக ஒட்டும், எவ்வளவு மினுங்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் தள்ளிவைக்க வேண்டியது, காசு கொடுக்காமல் கிடைப்பதால் அதிகம் பூசப்படும் கழிவு எஞ்சின் ஒயில். அது மெல்லியது, உள்ளே போகும். அந்த மட்டில் சரி. ஆனால் எஞ்சின் ஒயிலில் அழுக்கையும் தண்ணீரையும் பிடித்து மிதக்க வைக்கும் கழுவிப் பொருட்கள் சேர்க்கப்பட்டிருக்கும். எஞ்சினுக்குள் அது நல்ல குணம். கேபிளுக்குள் அதே குணம் உப்புநீரைப் பால் மாதிரிக் கலக்கி, கம்பியோடு ஒட்ட வைத்துவிடும். எஞ்சினில் உழைத்து முடிந்த ஒயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலமும் கரியும் உலோகத் தூளும் வேறு இருக்கின்றன. முதல் அலையிலேயே பாதி கழன்று கடலில் எண்ணெய்ப் படலமாகப் பரவும். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி நம் கடலில் எண்ணெய் விடுவது குற்றம். இலவசம் என்றாலும் இதை எடுக்க வேண்டாம்.

வாகனக் கிறீஸ், அதாவது சாதாரண லிதியம் கிறீஸ், நேர்மையான பொருள்தான். ஆனால் சுழலும் அச்சைத் தாங்கும் பெயாரிங்குகளுக்காகச் செய்தது. தடிப்பு எண் 2 அல்லது 3 என்று டின்னில் இருக்கும். அந்தத் தடிப்பில் அது புரிகளின் பள்ளத்தை நிரப்பி நிற்குமே தவிர உள்ளே இறங்காது. புதிய, காய்ந்த, உள்ளே தொழிற்சாலை எண்ணெய் இன்னும் இருக்கும் கேபிளுக்கு மேலாடையாகப் போடலாம். ஏற்கெனவே கடலுக்குப் போய் வந்த கேபிளில் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடி முத்திரை குத்தியது போலாகும். பீப்பாயிலிருந்து கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் கிறீஸ் என்றால், வாங்குமுன் ஒரு நெல்லிக்காய் அளவை உள்ளங்கையில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். பால் மாதிரி வெளுத்துக் கரைந்து வழிந்தால் அது சோடியம் வகை. கடல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் முத்து முத்தாகத் தனியே ஓடி, கிறீஸ் அப்படியே ஒட்டி நின்றால் மேலும் யோசிக்கலாம்.

கறுத்த தார்க் கலவைக்கு ஓர் இடம் உண்டு. கப்பியில் ஓடாத, ஒரே இடத்தில் இழுபட்டு நிற்கும் தாங்கு கயிறுகளுக்கு அது பல மாதம் நிற்கும். கடற்கரையில் கீல் பூசிய பழக்கத்தின் தொடர்ச்சி என்றே சொல்லலாம். ஆனால் ஓடும் கேபிளில் பூசினால் கப்பியில் வளையும்போது வெடிக்கும், வெடிப்பால் தண்ணீர் புகும், புகுந்தது வெளியே வர வழியிராது. அதைவிடப் பெரிய குறை, அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடுவது. பார்க்க முடியாத கேபிளை நம்பிச் சுமை தூக்கக் கூடாது.

ஸ்பிறே டின்களில் எல்லோருக்கும் தெரிந்தது டபிள்யூ.டி.-40. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவான அந்தக் கலவையின் பெயரே, தண்ணீரை அகற்றும் 40ஆவது முயற்சி என்பதன் சுருக்கம். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. கழுவிக் காயவைத்த கேபிளில் மீந்த ஈரத்தை வெளியேற்ற அதை முதற்படியாக அடிக்கலாம். அதன்பின் நிற்கும் படலம் மிக மெல்லியது. கடல் தண்ணீர் அடிக்கும் கேபிளில் நாட்கணக்கில்தான் தாக்குப்பிடிக்கும். அதை மட்டும் அடித்துவிட்டுப் பாதுகாத்தாயிற்று என்று விட்டால், தொழிற்சாலையில் போட்ட எண்ணெயையும் அது இளக்கிவிட்டிருக்கும் என்பதால் முன்பைவிட மோசமாகும்.

இனி நான் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் வகைக்கு வருகிறேன். லனோலின், அதாவது செம்மறி ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. ஃப்ளூயிட் ஃபில்ம், லனோகோட் போன்றவை இதை அடிப்படையாகக் கொண்டவை. வேறு பெயர்களிலும் வருகிறது. டின்னைத் திறந்தால் தேன் நிறம், லேசான ஆட்டு வாசனை. விரலில் தொட்டு ஈரமான இரும்பில் தேய்த்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் இரும்போடு ஒட்டும். காய்ந்து உதிராது. உலோகத்தை விடாமல் பற்றும் தன்மை அதன் மூலக்கூறிலேயே இருப்பதால், அலை அடித்துப் போன பிறகும் மெல்லிய படலம் ஒன்று நிற்கும். கடலில் கலந்தாலும் கனிம எண்ணெய் அளவுக்குத் தீங்கு செய்யாது.

வாங்கும்போது வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று ஓடும் எண்ணெயாக வரும், மற்றது பசையாக. ஓடும் கேபிளுக்கு எண்ணெய் வடிவம்தான். பசை வடிவம் ஷக்கிளின் (கேபிள் முனையைக் கொளுவும் இரும்பு வளையம்) திருகுக்கும் ஆணிக்கும், திம்பிளுக்கும் (கேபிள் முனையில் மடித்த கண்ணுக்குள் வைக்கும் உலோகத் தாங்கி). இரண்டு குறையும் உண்டு. லனோலின் 40 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். மார்ச், ஏப்ரல் வெயிலில் தளத்தில் கிடக்கும் கேபிள் கை வைக்க முடியாமல் சுடும். அப்போது மேலே பூசியது சொட்டி வழியும். வின்ச் உருளையைச் சாக்கால் மூடி வைத்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இரண்டாவது, எண்ணெயைத் தாங்காத றப்பர் வகைகளை இது ஊதச் செய்யும். வின்சின் றப்பர் சீல்களிலும் குழாய்களிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேற்பூச்சுக்குத் தடித்த ஒன்று வேண்டுமென்றால் கல்சியம் சல்போனேற்று கிறீஸ் கேட்டு வாங்குங்கள். வாகனக் கிறீஸைவிட விலை கூட. ஆனால் உப்புநீரில் கரையாமல் நிற்பதும் கறளைத் தடுப்பதும் அதன் கட்டமைப்பிலேயே உள்ள குணம். மொபிலார்மா 798 மாதிரி கம்பிக் கயிற்றுக்கென்றே செய்தவையும் உண்டு. முன்பு என்ன கிறீஸ் பூசியது என்று தெரியாத கேபிளின் மேல் வேறு வகை போடாதீர்கள். சில சேர்க்கைகள் இளகித் தண்ணீர் மாதிரி ஓடிவிடும்.

டின்னில் "உப்புத் தெளிப்புச் சோதனை இத்தனை மணி நேரம்" என்று பெரிய எழுத்தில் இருந்தால் அதை அளவோடு நம்புங்கள். அந்தச் சோதனை 35 பாகை வெப்பத்தில், 5 வீத உப்புக் கரைசலைத் தட்டையான இரும்புத் தகட்டின் மேல் தெளித்துச் செய்வது. தகட்டில் புரி இல்லை, உரசல் இல்லை, கப்பி இல்லை. இரண்டு டின்களை ஒப்பிட உதவும். கேபிள் எத்தனை மாதம் நிற்கும் என்று சொல்லாது.

அதைவிட நம்பகமான சோதனை ஒன்றை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். பழைய கேபிளில் 15 சென்ரிமீற்றர் துண்டுகள் வெட்டி, அவிழாமல் இரு முனையையும் மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டுங்கள். தட்டில் எண்ணெயை 2 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றி, துண்டை நிமிர்த்தி ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் புரியை அவிழ்த்து நடு நாரைப் பாருங்கள். எண்ணெய் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஏறாத எண்ணெய் உங்கள் கேபிளுக்குள்ளும் ஏறாது. பிறகு பூசிய துண்டுகளை, லீற்றருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த வாளியில் பாதி மூழ்கும்படி மூன்று வாரம் தொங்கவிட்டுத் திறந்து பார்த்தால் மீதிச் சந்தேகமும் தீரும். தண்ணீரும் காற்றும் சேரும் கோட்டில்தான் கறள் முதலில் விழும். அந்த இடத்தைப் பாருங்கள்.

எவ்வளவு நல்ல டின் என்றாலும் பூசும் முறை பிழைத்தால் காசு கடலில்தான். முதலில் கழுவுதல். குழாய்த் தண்ணீர், குறைந்த அழுத்தம், நிறைய நேரம். களனி கங்கை கலக்கும் இடம் பக்கத்தில் இருப்பதால் முகத்துவாரத் துறைமுகத் தண்ணீர் உப்புக் குறைவு என்று வாளியில் அள்ளி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக் குறைவு என்பது உப்பில்லை என்பதாகாது. அழுத்தக் குழாயால் அடிப்பதும் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெயை வெளியே தள்ளி, உப்பை உள்ளே செலுத்திவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைப்பதும் அப்படித்தான். கறள் கழலும், கூடவே நடு நாரில் மிஞ்சிய எண்ணெயும் கழன்று போகும்.

கேபிளை உருளையிலிருந்து முழுதாக இறக்கிக் கழுவ வேண்டும். அடியில் இருக்கும் கடைசிச் சில சுற்றுகள் ஒருபோதும் கடலுக்குள் இறங்குவதில்லை என்பதால் அங்கே கறள் வராது என்று நினைப்பார்கள். மேற்சுற்றுகளிலிருந்து வடியும் உப்புநீர் முழுக்க அங்கேதான் போய்த் தேங்குகிறது. காற்றே படாத அந்த ஈரத்தில் உருளை ஆணி பிடிக்கும் இடம் முதலில் இற்றுப்போகும்.

கழுவிய பின் நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள். கம்ப்ரசர் இருந்தால் புரியின் போக்கிலேயே காற்றடித்தால் இன்னும் நல்லது. பிறகு கம்பித் தூரிகை, அதுவும் புரி போகும் திசையில்தான். குறுக்கே தேய்த்தால் நாகம் கீறிப்போகும். ஈரம் அகற்றும் ஸ்பிறே ஒரு தடவை, அரை மணி பொறுத்து லனோலின் எண்ணெய். அதைப் பூசச் சிறந்த இடம் கேபிள் கப்பியின் மேல் வளைந்து போகும் இடம். வளைவின் வெளிப்புறத்தில் புரிகள் சற்றே விரிகின்றன; அந்த விரிவில் ஊற்றினால்தான் உள்ளே இறங்கும். நேராக இழுத்துக் கட்டிய கேபிளில் எவ்வளவு பூசினாலும் புரிகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு விடாது. வின்ச் மிக மெதுவாக ஓட, நீளப் பிடியுள்ள தூரிகையால் பூச வேண்டும். ஓடும் கேபிளைத் துணியால் பிடித்துத் துடைக்கவே கூடாது. நீட்டி நிற்கும் ஓர் அறுந்த கம்பி துணியில் கொளுவினால் கை கப்பிக்குள் போய்விடும்.

ஓர் இரவு விட்டு, தேவையென்றால் மேற்பூச்சு. தினமும் ஓடும் கேபிளுக்கு மேற்பூச்சே வேண்டாம். எண்ணெயை ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் புதுப்பித்தால் போதும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து படகு கரையில் நிற்கும் மாதங்களுக்குத்தான் தடித்த மேற்பூச்சுக் கட்டாயம் வேண்டும்.

பூச்சு காப்பாற்ற முடியாத சில பிழைகள் உண்டு. கல்வனைஸ் கேபிளின் முனையில் ஸ்டெயின்லெஸ் ஷக்கிள் போட்டால், கடல் தண்ணீரில் இரண்டும் மின்கலம் போல் இயங்கி, அருகிலுள்ள நாகத்தை முதலில் தின்றுவிடும். செம்பு ஃபெரூலும் (மடித்த முனையை நசுக்கிப் பிடிக்கும் குழல்) அப்படியே. அது ஸ்டெயின்லெஸ் கயிற்றுக்கு உரியது. கல்வனைஸுக்குக் கல்வனைஸ் திம்பிள், கல்வனைஸ் ஷக்கிள், அலுமினிய ஃபெரூல் அல்லது கையால் பின்னிய கண். யூ-போல்ட் கிளிப் போடுவதானால் 12 மில்லிமீற்றருக்கு நான்கு, 72 மில்லிமீற்றர் இடைவெளியில்; யூ வளைவு எப்போதும் சுமை தாங்காத குட்டை முனையின் மேல் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் பக்கம் நசுங்கி, நசுங்கிய இடத்தில் நாகம் வெடித்துக் கறள் தொடங்கும்.

அப்படியென்றால் முழுதும் ஸ்டெயின்லெஸ் கேபிளே வாங்கினால் என்ன என்று கேட்பார்கள். ஓடும் கேபிளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடல் வேலைக்கென்று விற்கும் 316 வகை ஸ்டெயின்லெஸ் கூட, ஒட்சிசன் போகாத புரி இடுக்குகளில் ஊசித்துளையாக அரிக்கப்படும். வெளியே பளபளவென்று இருந்து, எச்சரிக்கை ஏதும் காட்டாமல் அறும். பிளாஸ்ரிக் உறை போட்ட கேபிளும் அப்படித்தான். வெட்டிய முனையால் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது, உள்ளே நடப்பது தெரியாது. குளிர்க் கல்வனைஸ் என்று விற்கும் நாக ஸ்பிறேயை ஷக்கிளுக்கும் திம்பிளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கேபிளில் அடித்தால் முதல் வளைவிலேயே உதிரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேபிளைத் திறந்து பார்க்க வேண்டும். சுமையை முழுதாக இறக்கி, தளர்ந்த இடத்தில் புரிகளுக்கு இடையே கூர்மழுங்கிய இரும்பைச் செருகி, புரியின் போக்குக்கு எதிராக மெல்லத் திருப்பினால் ஒரு பெருவிரல் நுழையும் அளவுக்குத் திறக்கும். நல்ல கேபிள் என்றால் நடு நார் பழுப்பாக, எண்ணெய்ப் பசையோடு, இழுத்தால் அறாமல் இருக்கும். கெட்ட கேபிளில் நார் தேயிலைத் தூள் மாதிரி உதிரும். புரிகளின் உட்பக்கத்தில் செந்நிறப் பொடி இருக்கும். அதைத் தட்டிவிட்டால் கம்பியில் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் தெரியும். குழி விழுந்த கேபிளுக்கு எந்த டின்னும் மருந்தில்லை. நார் உதிர்ந்தால் புரிகள் உள்ளே சரிந்து கேபிள் மெலியும். வேர்ணியரால் புரியின் மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு அளந்து பாருங்கள். 12 மில்லிமீற்றர் கேபிள் 11க்குக் கீழே போயிருந்தால் கழற்றிவிட வேண்டும். ஒரு புரி கேபிளை முழுதாக ஒரு தடவை சுற்றிவரும் நீளம் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர். அதற்குள் ஆறு கம்பி அறுந்திருந்தாலும், ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலும் அதே முடிவுதான். இந்த அளவுக் கேபிள் புதிதாக இருக்கும்போது அறுபட ஏறக்குறைய 8 தொன் இழுவை வேண்டும். அதில் ஐந்திலொரு பங்கைத்தான் வேலைச் சுமையாக எடுக்கிறோம். கறள் தின்பது மீதி நான்கு பங்கை. படகில் நிற்கும் ஆட்களின் உயிர் அந்த நான்கு பங்கில் இருக்கிறது.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு. 150 மீற்றர் கேபிளின் வெளிப்பரப்பு ஐந்தரை சதுர மீற்றருக்குச் சற்று மேல். 0.2 மில்லிமீற்றர் படலத்துக்கு ஒரு லீற்றருக்கும் சற்றுக் கூட. உள்ளே போவது, சொட்டுவது, தூரிகையில் நிற்பது எல்லாம் சேர்த்து முதற்பூச்சுக்கு 3 லீற்றர் லனோலின் எண்ணெய் எடுங்கள். அடுத்த தடவைகளுக்குப் பாதி போதும். பருவக்காற்று மாதங்களுக்கு 2 கிலோ கல்சியம் சல்போனேற்று கிறீஸ். ஸ்பிறேயாக வாங்குவதைவிடத் திறந்த டின்னாக வாங்கித் தூரிகையால் பூசுவது லீற்றர் கணக்கில் மலிவு. தீப்பற்றும் வாயு எஞ்சின் அறைக்குள் தேங்கும் பயமும் இல்லை. டின்னை மூடுமுன் வாய் விளிம்பைத் துடைத்து, உப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே விழாமல் இறுக மூடி, எஞ்சினிலிருந்து தள்ளி நிழலில் வையுங்கள்.